பார்சல் கடையா, பஃபேயா, பழைய சௌ மெய்ன் கடையா?

மாசசூசெட்ஸின் ஃபால் ரிவர் போன்ற, ஆலைகள் மூடிப்போன அமெரிக்கச் சிறு நகரங்களில் சைனீஸ் சாப்பிட மூன்று வழி உண்டு: பார்சல் கடை, வரிசையாக வைத்திருப்பதை நாமே எடுத்துப் போட்டுக்கொள்ளும் பஃபே, பொரித்த நூடுல்ஸ் மேல் கிரேவி ஊற்றித் தரும் பழைய சௌ மெய்ன் கடை. எது நல்லது என்று கேட்பதைவிட, அடுப்பிலிருந்து வாய்க்கு எத்தனை நிமிடம் என்று கேட்பதே சரி.

பார்சல் கடையில் வோக் என்னும் குழிந்த சீன வாணலி வைக்கும் அடுப்பின் தீ நம் வீட்டு அடுப்பைப்போலப் பல மடங்கு. ஒரு ஆர்டர் மூன்று நான்கு நிமிடத்தில் இறங்கிவிடும். இனிப்பும் காரமுமான ஜெனரல் ட்ஸோ சிக்கனுக்குக் கோழித் தொடைக்கறியைச் சோளமாவில் புரட்டி முன்கூட்டியே ஒருமுறை பொரித்து வைத்திருப்பார்கள். ஆர்டர் வந்ததும் இன்னொரு பொரிப்பு, பிறகு சாஸ். கடையில் இருக்கும்வரை அருமை. மூடிய டப்பாவுக்குள் போன பத்தாவது நிமிடம் ஆவி வெளியேற வழியில்லாமல் மேல்தோல் நமுத்துவிடும். குறை சமையலில் இல்லை, மூடியில். சாஸைத் தனியாகக் கேளுங்கள், காரில் ஏறியதும் மூடியைச் சற்றுத் திறந்து வையுங்கள். அப்படியும் தளர்ந்துவிட்டால் 200 டிகிரி செல்சியஸ் ஓவனில் ஐந்து நிமிடம். மைக்ரோவேவ் வேண்டவே வேண்டாம். தூரம் அதிகமென்றால் லோ மெய்ன் (சாஸில் புரட்டிய மென்மையான நூடுல்ஸ்), பீஃப் ப்ரோக்கலி, ஃப்ரைடு ரைஸ் என்று போய்விடுவது புத்திசாலித்தனம்; இவற்றில் நமுக்க எதுவும் இல்லை. மாசசூசெட்ஸ் அடங்கிய வடகிழக்கு மாநிலங்களான நியூ இங்கிலாந்துப் பக்கம் ஃப்ரைடு ரைஸ் கரும்பழுப்பாக வந்தால் தீய்ந்துவிட்டதோ என்று பதறாதீர்கள். கெட்டி சோயாவோ மொலாசஸ் என்னும் கரும்பாகு சேர்ந்த சாஸோ தந்த நிறம் அது.

பஃபேயில் நேரம் உங்கள் கையில் இல்லை. சூடான பண்டத்தை 57 டிகிரிக்குக் குறையாமல் வைக்கவேண்டும் என்பது அமெரிக்காவின் மாதிரி உணவு விதி. பாதுகாப்புக்கு அது போதும், ருசிக்குத்தான் எமன். பொரித்தது தோலாகும், நூடுல்ஸ் குழையும், சோளமாவு கிரேவி மேலே ஏடு கட்டும். பிற்பகல் இரண்டரை மணிக்குப் போனால் மதியத்தின் மிச்சம்தான் கிடைக்கும். வெள்ளி மாலை ஆறரைக்குப் போங்கள். கூட்டம் இருந்தால்தான் தட்டு மாறும். ஆழமான தட்டை வழிய நிரப்பி வைக்கும் கடையைவிட, சின்னத் தட்டை அடிக்கடி மாற்றும் கடை மேல். பச்சைக் காய்கறியும் கறியும் எடுத்துக் கொடுத்தால் கண்முன்னே கல்லில் வதக்கித் தரும் மூலை இருந்தால், நேரே அங்கே போய்விடுங்கள். அங்கே மட்டும் பஃபே பார்சல் கடையை ஜெயித்துவிடும். சூப் எப்போதும் பத்திரம். சுஷியைத் தொடாதீர்கள்.

பழைய சௌ மெய்ன் கடை முற்றிலும் வேறு கணக்கு. மான்டானாவின் தாமிரச் சுரங்க ஊரான பியூட்டில் பீகின் நூடுல் பார்லர் 1911 முதல் நடக்கிறது. ஃபால் ரிவரின் அடையாளமோ சௌ மெய்ன் சாண்ட்விச். அதற்கு நூடுல்ஸ் செய்து தரும் ஊர் ஆலை 1930களில் தொடங்கியது. 2009-இல் தீப்பிடித்து, பிறகு மீண்டும் ஓடியது. தட்டையாக வெட்டிப் பொரித்த நூடுல்ஸை ஹாம்பர்கர் பன்னுக்குள் குவித்து, வெங்காயம், செலரி, முளைப்பயறு வெந்த பழுப்பு கிரேவியை மேலே ஊற்றி, மெழுகுத்தாளில் சுற்றித் தருவார்கள். ‘ஸ்ட்ரெய்ன்ட்’ என்றால் காய் இல்லாமல் கிரேவி மட்டும்.

மற்ற இரண்டு இடத்திலும் எதிரியாக இருந்த ஊறல் இங்கே கூட்டாளி. சாம்பார் வடை தின்றவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அடியில் பன் ஊறிச் சதசதக்க, நடுவில் நூடுல்ஸ் பாதி மொறுமொறுப்போடு நிற்கும் பதம் சில நிமிடம்தான். அதனால் வீட்டுக்கு எடுத்துப் போவதானால் நூடுல்ஸ், கிரேவி, பன் மூன்றையும் தனித்தனியாகக் கேட்டு வாங்குங்கள். அங்கேயே சாப்பிடுவதானால், முள்கரண்டி ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள். கையால் தூக்கினால் பாதி சட்டையில்.