புதிதாகப் போட்டோ எடிட்டிங் தொடங்க எந்த மென்பொருள்? பல வருடப் பயன்பாட்டு அனுபவம்

புதிதாக எடிட்டிங் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் எத்தனை ஃபில்டர் இருக்கிறது, ஏஐ வசதி உண்டா என்றுதான் பார்க்கிறார்கள். நாலைந்து மென்பொருள்களை வருடக்கணக்கில் பயன்படுத்திய பிறகு நான் முதலில் பார்க்கச் சொல்வது வேறு. இன்று ஒரு படத்தில் செய்த திருத்தங்களைச் சில வருடம் கழித்துத் திறந்து, அதில் ஒன்றை மட்டும் மாற்ற முடியுமா? முடியும் என்றால் மற்ற குறைகளைப் பொறுத்துக்கொள்ளலாம். ஏனென்றால் கை பழகப் பழகக் கண் மாறும். இன்று பளிச்சென்று பிடித்திருக்கும் நிறம் அடுத்த வருடமே உறுத்தும். அப்போது திருத்தி முடித்துச் சேமித்த ஜேபெக் படம் ஒன்றுதான் கையில் இருந்தால், முதலிலிருந்து எல்லாவற்றையும் செய்ய வேண்டும்.

கேமரா இல்லை, போன் மட்டும்தான் என்பவர்களுக்கு ஸ்னாப்சீட் போதும். 2011-ல் வந்தது, அடுத்த வருடமே கூகுள் வாங்கிக்கொண்டது, இன்றும் இலவசம். அதிலிருக்கும் 'செலக்டிவ்' கருவியை எல்லோரும் ஒருமுறையாவது பழக வேண்டும். முகத்தில் ஒரு புள்ளி வைத்து, இரண்டு விரலால் வட்டத்தைச் சுருக்கினால், அந்த நிறத்துக்கு நெருக்கமான இடம் மட்டும் தேர்வாகும். பிறகு பக்கவாட்டில் இழுத்தால் முகம் மட்டும் வெளிச்சமாகும், பின்னாலிருக்கும் சுவர் அப்படியே இருக்கும். படம் முழுவதையும் ஏற்றி இறக்குவது வேறு, வேண்டிய இடத்தை மட்டும் தொடுவது வேறு என்பது அந்த ஒரு அசைவில் புரிந்துவிடும். எடிட்டிங்கில் பாதி அதுதான்.

கணினிக்கு வரும்போதுதான் குழப்பம் தொடங்குகிறது. போட்டோஷாப், ஜிம்ப், லைட்ரூம், டார்க்டேபிள் என்று எல்லாப் பெயர்களையும் ஒரே வரிசையில் வைத்து ஒப்பிடுகிறார்கள். உண்மையில் இவை இரண்டு வகை. போட்டோஷாப்பும் ஜிம்பும் லேயர் வைத்து, அதாவது படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, வேலை செய்பவை. ஒரு படத்தை வெட்டி இன்னொன்றில் ஒட்டுவது, பின்னணியை மாற்றுவது, எழுத்துச் சேர்ப்பது எல்லாம் அவற்றின் வேலை. லைட்ரூம், டார்க்டேபிள், ராதெரபி ஆகியவை எடுத்த படத்தின் ஒளியையும் நிறத்தையும் சரிசெய்பவை. படம் எடுத்துப் பழகுகிற ஒருவருக்கு முக்கால்வாசி தேவை இரண்டாவது வகைதான். ஆனால் பெயர் தெரிந்தது போட்டோஷாப் என்பதால் அங்கே போய், லேயர்களுக்கு நடுவே சோர்ந்து விட்டுவிடுபவர்கள் நிறைய.

நான் நிலைத்திருப்பது டார்க்டேபிளில். இலவசம், திறமூல மென்பொருள், 2009-லிருந்து வளர்ந்து வருகிறது. முதல் சில வாரங்கள் கடினம் என்பதை மறைக்க மாட்டேன். மாட்யூல் என்று அழைக்கும் திருத்தக் கருவிகள் ஒவ்வொன்றாக நீளும் பட்டியலைப் பார்த்தால் தலை சுற்றும். தொடக்கத்தில் எக்ஸ்போஷர் (வெளிச்ச அளவு), வைட் பேலன்ஸ் (நிறச் சமநிலை), கிராப் (ஓரங்களை வெட்டுவது), நாய்ஸ் (புள்ளிப்புள்ளியான கறை) குறைக்கும் மாட்யூல் இவற்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், மற்றவை தேவை வரும்போது தானாக அறிமுகமாகும்.

ஒரு உதாரணம் சொல்கிறேன். ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும் ஒருவரின் படம். வெளியே வானம் சரியாக இருக்கிறது, முகம் இருட்டு. எக்ஸ்போஷரை ஏற்றினால் முகம் தெரிகிறது, ஆனால் வானம் வெளுத்துப்போகிறது. அதனால் அதே மாட்யூலை இன்னொருமுறை சேர்த்து, திருத்தம் எங்கே மட்டும் படவேண்டும் என்று குறிக்கும் நீள்வட்ட மாஸ்க் ஒன்றை முகத்தைச் சுற்றி வரைந்து, ஓரத்தை நன்றாக மென்மையாக்கி, அங்கே மட்டும் ஒரு ஸ்டாப், அதாவது வெளிச்சம் இரு மடங்காகும் அளவு, ஏற்றினேன். வெகுகாலம் கழித்து அந்தப் படத்தை அச்சுக்கு அனுப்பத் திறந்தபோது அந்த ஏற்றம் கொஞ்சம் அதிகமாகத் தோன்றியது. மாஸ்க் அப்படியே இருந்தது, ஸ்லைடரைப் பாதியாகக் குறைத்தேன், அவ்வளவுதான் வேலை. இதற்கு நடுவே டார்க்டேபிளின் பல புதிய பதிப்புகள் வந்துவிட்டன. பழைய மாட்யூல்களைப் பட்டியலிலிருந்து விலக்கினாலும், பழைய திருத்தங்களில் இருந்தால் அவை தொடர்ந்து இயங்குகின்றன. இந்த அக்கறைக்காகவே அந்த மென்பொருள் மீது எனக்கு மரியாதை.

இப்படி நிழலிலிருந்து முகத்தை மீட்பதற்கு, கேமரா பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ரா ஃபைல் வேண்டும். ஜேபெக்கில் ஒரு வண்ணத்துக்கு 256 நிலைகள்தான், 14 பிட் ராவில் 16,384. இருட்டான இடத்தை ஏற்றும்போது ஜேபெக்கில் திட்டுத்திட்டாகத் தெரிவது இதனால்தான். ஜேபெக் மட்டுமே எடுக்கப் போகிறீர்கள் என்றால் டார்க்டேபிளோடு மல்லுக்கட்ட வேண்டிய அவசியமே இல்லை.

லைட்ரூம் இதைவிடச் சீக்கிரம் கைவசப்படும், பாடங்களும் ஏராளம். சந்தா கட்டத் தயங்காதவர்கள் அதை எடுக்கலாம். ஆனால் சந்தாவை நிறுத்தினால் என்ன ஆகும் என்று முன்பே தெரிந்துகொள்ளுங்கள். லைட்ரூம் கிளாசிக்கில் படங்களைப் பார்க்கலாம், எக்ஸ்போர்ட் செய்யலாம், திருத்தம் செய்யும் டெவலப் பகுதியும், வரைபடத்தில் படங்களைக் காட்டும் மேப் பகுதியும் மூடிக்கொள்ளும். இன்னொன்று, ஒரு மென்பொருளில் செய்த திருத்தம் மற்றொன்றில் அதேபோல் வராது. நட்சத்திரக் குறியும் தலைப்பும் கூடவே வரும், ஒளியும் நிறமும் திரும்பச் செய்ய வேண்டியவை. அதனால் ஆயிரக்கணக்கில் படம் சேர்வதற்கு முன்பே முடிவெடுப்பது நல்லது.

ஜிம்பை நான் கைவிடவில்லை. படத்துக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் கம்பியை அழிக்க, இரண்டு படத்தைச் சேர்க்க அதற்குத்தான் போகிறேன். 2025-ல் வந்த 3.0 பதிப்பில், போட்ட ஃபில்டரைப் பிறகு திறந்து மாற்றும் வசதி வந்தது. பழைய ஆட்களுக்கு அது பெரிய நிம்மதி. எப்போதாவது போட்டோஷாப்பின் பிஎஸ்டி ஃபைல் ஒன்றைத் திறக்க வேண்டும் என்றால் பிரௌசரிலேயே ஓடும் போட்டோபியா இருக்கிறது, நிறுவக்கூட வேண்டாம்.

ஒரே தட்டலில் எல்லாம் சரியாக்கும் ஏஐ பொத்தான்களைப் பற்றிக் கேட்கிறார்கள். அவசரத்துக்கு நன்றாகவே உதவுகின்றன. ஆனால் எந்த ஸ்லைடர் எங்கே போனது என்று காட்டாத பொத்தானாக இருந்தால், கற்றுக்கொள்ளும் காலத்தில் தள்ளியே வையுங்கள்.

கடைசியாக ஒரு நடைமுறை விஷயம். டார்க்டேபிள் உங்கள் ரா ஃபைலைத் தொடுவதே இல்லை. செய்த திருத்தங்களை எல்லாம் பக்கத்திலேயே ஒரு எக்ஸ்எம்பி ஃபைலில் எழுதி வைக்கிறது. படங்களை வேறு டிஸ்க்குக்கு நகலெடுக்கும்போது அந்தச் சின்ன ஃபைல்களையும் சேர்த்து எடுங்கள். அவை சில கிலோபைட்தான், உங்கள் உழைப்பு முழுவதும் அவற்றில்தான் இருக்கிறது.