‘ப்ரீ-மெட்’ பட்டங்கள்: திருகோணமலைப் பிள்ளைக்கு எது தேறும், எது தேறாது

உயர்தரப் பெறுபேறு வந்த கையோடு திருகோணமலையில் சூடு பிடிக்கும் சொல் ‘ப்ரீ-மெட்’. வெட்டுப்புள்ளி கைதவறிய பிள்ளைக்கு முதலில் ஒரு பட்டம், அதன் மேல் மருத்துவம் என்று ஆலோசனை நிலையங்கள் விற்கும் சரக்கு அது. சரக்கு முழுப் பொய்யில்லை. ஆனால் எந்த நாட்டுக்கு, எந்தப் பட்டத்தோடு, அதில் எந்த ஓட்டையை அடைத்துக்கொண்டு போவது என்று சொல்லாமல் விற்றால் நான்கு வருடமும் போகும், காணி உறுதியும் போகும். கிழக்கிலும் வடக்கிலும் நம் பிள்ளைகளுக்கு எட்டக்கூடிய பட்டங்களை இந்த ஒரு கண்ணோடு மட்டும் இங்கே மதிப்பிட்டிருக்கிறோம்.

முதலில் உள்ளூர்க் கணக்கு. இலங்கையில் அரச மருத்துவ பீடத்துக்கு உயர்தரத்தில் இருந்தே நேரடியாகப் போக வேண்டும். பட்டதாரிக்கு என்று தனிக் கதவு இல்லை. உயிரியல், இரசாயனவியல், பௌதிகவியல் மூன்றிலும் சித்தி, அதன் மேல் இசட் புள்ளி, அதாவது பாடப் புள்ளிகளைத் தரப்படுத்திக் கணிக்கும் எண். இடங்களில் 40 சதவீதம் அகில இலங்கைத் திறமை, 55 சதவீதம் மாவட்டச் சனத்தொகை, 5 சதவீதம் பின்தங்கியவை எனக் குறிக்கப்பட்ட 16 மாவட்டங்களுக்கு. அந்தப் பதினாறில் திருகோணமலையும் ஒன்று. பீ.எஸ்சி.யில் முதலாம் வகுப்பே எடுத்தாலும் இசட் புள்ளி ஒரு தசமம்கூட அசையாது. ஆகவே தடவை மிச்சம் இருக்கிற பிள்ளைக்கு (மூன்று தடவைதான் கணக்கு) எங்கள் முதல் சிபாரிசு பட்டமே இல்லை. இன்னொரு முறை உயர்தரம். ஏற்கெனவே ஒரு அரச பட்டப்படிப்புக்குப் பதிந்துவிட்டால் மறுபடி விண்ணப்பிப்பதற்குக் கட்டுப்பாடு உண்டு. அந்த ஆண்டுக்குரிய பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுக் கைநூலில் அந்தப் பக்கத்தை வாசித்த பிறகே பதிவுப் படிவத்தில் கையொப்பம் வையுங்கள்.

வெளிநாட்டிலும் எல்லா இடமும் பட்டம் கேட்பதில்லை. இந்தியாவில் பன்னிரண்டாம் வகுப்புக்குச் சமமான தகைமையும் நீட் பரீட்சையும். வங்காளதேசத்திலும் சீனாவிலும் எம்.பீ.பீ.எஸ். உயர்தரத்தில் இருந்தே தொடங்குகிறது. அங்கே போகிற பிள்ளைக்கு ‘முதலில் ஒரு பட்டம்’ விற்பவர் இரண்டு தரகுக்கு வழி பார்க்கிறார். பட்டம் உண்மையில் வேலை செய்யும் இடங்கள் முக்கியமாக அமெரிக்கா, கனடா, அவுஸ்திரேலியாவின் பட்டதாரி நுழைவுக் கல்லூரிகள், அயர்லாந்தின் நான்காண்டுப் பாடநெறிகள், பிரித்தானியாவில் சில, சிங்கப்பூரின் டியூக்-என்.யூ.எஸ். மருத்துவக் கல்லூரி.

இனிச் சரக்குக்கு வருவோம். திருகோணமலையின் சொந்த வளாகம், கோணேசபுரியில் இருப்பது, இந்த வேலைக்குப் பெரிதாக உதவாது. அதன் பிரயோக விஞ்ஞான பீடம் பௌதிகம், கணினிப் பக்கம் நிற்பது. சித்த மருத்துவம் அங்கே உண்டு, நல்ல படிப்பும்கூட. ஆனால் அது தனித் தொழில், தனிப் பதிவு. மேற்கத்திய மருத்துவத்துக்கு ஏணியாக நினைத்து அதில் ஏறுகிறவர் பாதியில் விழுவார். சித்த வைத்தியராக விருப்பம் இருந்தால் மட்டும் எடுங்கள்.

ஏ15 வீதியால் போனால் வந்தாறுமூலை. கிழக்குப் பல்கலைக்கழக விஞ்ஞான பீடத்தின் உயிரியல் பிரிவில் தாவரவியல், விலங்கியல், இரசாயனவியல் சேர்க்கை கிடைக்கும். யாழ்ப்பாணத்திலும் இதே மாதிரி. இரசாயனவியலைக் கடைசி வரை விடாமல் நான்காண்டு விசேட பட்டமாக முடித்தால், எங்கள் பார்வையில் இதுதான் கொடுத்த காலத்துக்கு அதிகம் திருப்பித் தரும் பட்டம். மூன்றாண்டுப் பொதுப் பட்டத்தோடு நிற்க வேண்டாம். இலங்கைத் தகைமைக் கட்டமைப்பின்படி மூன்றாண்டு 90 மதிப்பலகு (கிரெடிட்), நான்காண்டு 120. அமெரிக்காவில் வழமையாக 120தான் முழுப் பட்டமாக எடுபடும்.

ஆனால் இந்தப் பட்டத்திலும் ஓர் ஓட்டை இருக்கிறது. உயிரியல் பிரிவுப் பிள்ளை கம்பஸுக்குள் போனதும் பௌதிகத்தைத் தலைமுழுகி விடுகிறது. அமெரிக்கக் கல்லூரிகள் வழமையாகக் கேட்பது ஆய்வுகூடத்தோடு ஒரு வருட உயிரியல், ஒரு வருடப் பொது இரசாயனம், ஒரு வருடச் சேதன இரசாயனம், ஒரு வருடப் பௌதிகம், அத்தோடு உயிர் இரசாயனமும் புள்ளிவிபரவியலும். உயர்தரத்தில் எடுத்த பௌதிக ‘ஏ’ இந்தப் பெட்டியை நிரப்பாது. முதலாம் வருடத்திலேயே பௌதிக அலகு எடுக்க முடியுமா என்று பீட அலுவலகத்தில் கேளுங்கள். மூன்றாம் வருடத்தில் கேட்டால் நேரசூசி இடம் கொடுக்காது.

மருந்தகவியல், மருத்துவ ஆய்வுகூட விஞ்ஞானம், தாதியியல் மூன்றும் யாழ்ப்பாணத்தில் உண்டு. பேராதனையில் இவற்றோடு இயன்மருத்துவமும் கதிரியக்கவியலும். மருந்தகவியலுக்கு எங்கள் இரண்டாம் இடம். சேதன இரசாயனம், உயிர் இரசாயனம், உடற்றொழிலியல், மருந்தியல் எல்லாம் ஒரே கூரையின் கீழ் வருகிறது. மருத்துவம் கைகூடாவிட்டாலும் மறுநாளே தொழில். ஆய்வுகூட விஞ்ஞானமும் தொழில் தரும், ஆனால் சேதன இரசாயனம் அதில் மெலிவு. தாதியியலில் நோயாளியோடு நிற்கும் மணித்தியாலங்கள் ஏராளம், நேர்முகத்தில் அது தங்கம். இரசாயனமும் பௌதிகமும் ஏறக்குறையப் பூச்சியம். இந்தப் பட்டங்களோடு அவுஸ்திரேலியா, அயர்லாந்து பக்கம் பார்க்கலாம். அங்கே எந்தத் துறைப் பட்டதாரியையும் எடுக்கும் கல்லூரிகள் இருக்கின்றன. அமெரிக்கப் பட்டியலோடு ஒப்பிட்டால் பாதி காலியாக நிற்கும்.

கொழும்புத் தனியார் நிறுவனங்களின் ‘பயோமெடிக்கல் சயன்ஸ்’ பட்டங்கள் வேறு ரகம். வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தின் பெயரில் வருவதால் தாள் பார்க்க அழகு. பாடத்திட்டமும் பலவற்றில் மோசமில்லை. கேட்க வேண்டிய கேள்வி இரண்டு. சான்றிதழைக் கொடுப்பது அந்த வெளிநாட்டுப் பல்கலைக்கழகமா, உள்ளூர் நிறுவனமா? ஆய்வுகூட மணித்தியாலங்கள் பெறுபேற்று விபரத்தில் தனி வரியாக வருமா? இரண்டாவதற்கு “அது பிறகு பார்த்துக்கலாம்” என்று பதில் வந்தால் எழுந்து வாருங்கள். விலையைப் பார்த்தால் எங்கள் மதிப்பீட்டில் இது கடைசி. அரச பட்டம் இலவசம், மகாபொல உதவித்தொகையும் கிடைக்கலாம். சேமித்த காசு பரீட்சைக் கட்டணத்துக்கும் விண்ணப்பத்துக்கும் தேவைப்படும்.

புள்ளிச் சராசரி (ஜீ.பீ.ஏ.) பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் நம் பிள்ளைகள் சறுக்குவது இங்கேதான். தமிழ் மொழியில் உயர்தரம் எழுதிவிட்டு முதல் அரையாண்டிலேயே ஆங்கில விரிவுரை. பலருக்கு முதல் வருடம் சரிந்து, மூன்றாம் வருடம் நிமிரும். இலங்கையில் 4க்கு 3.70உம் அதற்கு மேலும் முதலாம் வகுப்பு. அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளுக்குள் நுழைகிறவர்களின் சராசரியும் 3.7க்கு மேலேதான். அங்கே முதல் வருடப் புள்ளியும் எண்ணப்படும். இங்கே ஒரு பாடத்தை மீளெழுதினால் வழமையாக ‘சி’க்கு மேல் ஏறாது. அவுஸ்திரேலியப் பொது விண்ணப்ப முறையில் 7க்கு எத்தனை என்று கணிப்பார்கள், கடைசி மூன்று வருடங்களை வைத்து. ஆகவே முதல் வருடம் சரிந்த நான்காண்டுப் பட்டதாரிக்கு அந்தக் கணிப்புப் பொருந்தும் இடத்தில் கொஞ்சம் இரக்கம் உண்டு. பெறுபேற்றுக்கும் கம்பஸ் தொடங்குவதற்கும் நடுவில் கிடக்கும் மாதங்களில் ஆங்கிலத்தில் உயிரியல் பாடநூலை வாசித்துத் தள்ளுவது எந்த ஆலோசனை நிலையத்தின் பொதியையும் விடப் பிரயோசனம்.

பரீட்சை இரண்டு. அமெரிக்க, கனடா மருத்துவக் கல்லூரிகள் கேட்கும் எம்கேட்; புள்ளி 472இல் தொடங்கி 528 வரை. நான்கு பகுதி, ஒவ்வொன்றும் 118 முதல் 132. நுழைகிறவர்களின் சராசரி 511ஐத் தாண்டும். வாழ்நாளில் ஏழு தடவைக்கு மேல் எழுத முடியாது. நம்மவர் இரசாயனப் பகுதிக்குப் பயப்படுகிறார்கள். உண்மையில் காலை வாருவது வாசிப்புப் பகுதி, அதாவது அறிமுகம் இல்லாத தத்துவ, சமூகவியல் பந்திகளை 90 நிமிடத்தில் படித்து 53 கேள்விக்கு விடை. அடுத்தது உளவியல், சமூகவியல் பகுதி. இலங்கை விஞ்ஞானப் பட்டங்கள் பலவற்றில் இது முறையாக இல்லை, தனியாகப் படிக்க வேண்டும். அவுஸ்திரேலியா, அயர்லாந்து பக்கம் கேட்கும் கேம்சாட் வருடத்தில் மார்ச், செப்டெம்பர் என இரண்டு முறை. விஞ்ஞானப் பகுதியில் உயிரியல் 40, இரசாயனம் 40, பௌதிகம் 20 சதவீதம், அத்தோடு மனிதப்பண்பியல் வாசிப்பும் இரண்டு கட்டுரையும். ‘சயன்ஸ் பிள்ளைக்குக் கட்டுரை எதற்கு’ என்று கேட்கிறவர் இதில் உட்கார வேண்டாம்.

ஆலோசனைச் சேவைகளை எப்படி எடை போடுவது? பட்டத்தின் பெயரைச் சொல்லிவிட்டு, இலக்குக் கல்லூரியின் முன்நிபந்தனைப் பக்கத்தையும் அந்தப் பட்டத்தின் பாடப் பட்டியலையும் பக்கத்துப் பக்கமாக வைத்து ஒவ்வொன்றாக அடையாளம் போடச் சொல்லுங்கள். போட முடிந்தவருக்குக் காசு கொடுக்கலாம். அமெரிக்காவுக்கு என்றால் இன்னொன்றும் சொல்ல வேண்டும்: வெளிநாட்டு மாணவரை எடுக்கும் மருத்துவக் கல்லூரிகளே குறைவு. எடுப்பவற்றிலும் பல முன்நிபந்தனைப் பாடங்களை அமெரிக்காவிலோ கனடாவிலோ படிக்கச் சொல்லும்; சில நான்கு வருடச் செலவையும் முன்கூட்டியே வைப்பில் காட்டச் சொல்லும். இதை முதல் சந்திப்பிலேயே சொல்லாதவர் விற்பனையாளர். சிங்கப்பூருக்குத் துறைக் கட்டாயம் இல்லை, எம்கேட் அல்லது கேம்சாட் எடுபடும். ஆனால் மானியக் கட்டணத்தில் படித்தால் முடிந்ததும் அங்கேயே சேவை ஒப்பந்தம் இருக்கிறது. ஊருக்கு உடனே திரும்பும் எண்ணம் இருந்தால் கணக்கில் எடுங்கள்.

திரும்பி வந்து திருகோணமலை பொது வைத்தியசாலையில் வேலை செய்ய விருப்பமானால் பாதை பின்னால் இருந்து தொடங்குகிறது. வெளிநாட்டுப் பட்டம் இலங்கை மருத்துவ சபை ஏற்றுக்கொண்ட பல்கலைக்கழகத்தில் இருந்து வந்திருக்க வேண்டும். அதன் பிறகு மருத்துவராகப் பதிவதற்கான ஈ.ஆர்.பி.எம். பரீட்சை, அதன் பிறகு ஒரு வருட உள்ளகப் பயிற்சி. உயர்தரத்தில் எடுத்த மூன்று பாடச் சித்தியையும் சபை பார்க்கும், நடுவில் எத்தனை பட்டம் வாங்கியிருந்தாலும். இருபது வயதில் பட்டத்தில் சேர்ந்தவர் இதையெல்லாம் முடித்து வெளியே வர முப்பது ஆகும்.

சிறிய வேலை ஒன்று, எல்லோரும் விடுவது: ஒவ்வொரு அரையாண்டு முடிவிலும் அந்தப் பாடங்களின் விபரத் தாளை, மணித்தியாலமும் ஆய்வுகூடமும் குறித்தபடி, பீடாதிபதி அலுவலக முத்திரையோடு எடுத்து வையுங்கள். ஐந்து வருடம் கழித்து வெளிநாட்டு மதிப்பீட்டு நிறுவனம் கேட்கும்போது பாடத்திட்டம் மாறியிருக்கும், பாடக் குறியீடும் மாறியிருக்கும், கொடுத்த விரிவுரையாளர் கலாநிதிப் படிப்புக்குப் போயிருப்பார்.