கோத்தகிரி காட்டேஜ் புக்கிங்: "நேரா குடுத்தா கம்மி" என்று சொன்னால் நம்பாதீங்க. 9,600 ரூபாய் போச்சு

முதலில் கணக்கு. இரண்டு ராத்திரிக்கு அறை வாடகை 6,400. ராத்திரிச் சாப்பாடும் கேம்ப் ஃபயரும் 1,800. கிளம்பும்போது திருப்பித் தருவதாகச் சொன்ன டெபாசிட் 1,000. இ-பாஸ் எடுத்துக் கொடுக்க 400. ஆக 9,600 ரூபாய். சனிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு, கோடநாடு ரோட்டில் ஈளாடா தாண்டி, மேப் கொண்டு போய் நிறுத்திய இடத்தில் இருந்தது தேயிலைத் தோட்டத்து இரும்பு கேட் ஒன்று. காட்டேஜும் இல்லை, ஒரு கொட்டகைகூட இல்லை.

ஊட்டிக் கூட்டம் வேண்டாம், கோத்தகிரிப் பக்கம் ரெண்டு நாள் சும்மா உட்கார்ந்துவிட்டு வரலாம் என்று நினைப்பவர்களுக்காகவே விரித்த வலை இது. அப்படிப் போகிறவர்கள் பெரிய ஹோட்டல் தேடுவதில்லை. தோட்டத்துக்கு நடுவில் தனி வீடு தேடுவார்கள். அது இருக்கிறதா இல்லையா என்று போய்ப் பார்த்துச் சொல்ல அங்கே யாரும் இல்லை.

ஹோம்ஸ்டே, காட்டேஜ் விளம்பரங்களை வரிசைகட்டிக் காட்டும் தளம் ஒன்று. பெயர் போடவில்லை, எல்லாருடைய போனிலும் இருக்கிற வகைதான். அங்கே ஒரு ராத்திரிக்கு 4,000 என்று போட்டிருந்தது. சாட்டில் கேட்ட பத்தாவது நிமிஷம் விளம்பரம் போட்டவனிடமிருந்து பதில் வந்தது: "இங்க புக் பண்ணா கமிஷன் பிடிச்சிடுவாங்க சார். நேரா குடுங்க, 3,200 போட்டுத் தர்றேன்." போன் நம்பரை எண்ணாக எழுதினால் தளம் மறைத்துவிடும். அதனால் "ஒன்பது எட்டு நாலு" என்று எழுத்தில் எழுதி அனுப்பினான். மனதில் எச்சரிக்கை மணி அடித்திருக்க வேண்டிய இடம் அதுதான். 1,600 மிச்சம் என்று தோன்றியதில் அடிக்கவில்லை.

போனில் பேசியபோது விழுந்த இடம் வேறு. எல்லாம் பிரமாதம் என்று அளக்கவில்லை, குறையைத்தான் முதலில் சொன்னான். "வெந்நீர் காலைல ஆறுல இருந்து ஒன்பது வரைக்கும்தான் சார், கரண்ட் போச்சுன்னா அதுவும் இல்ல. பெரியவங்க யாராச்சும் வர்றாங்களா? படி ஏற முடியலன்னா கீழ் ரூமே குடுத்துடறேன்." வழி கேட்டதற்கும் சரியாகவே சொன்னான்: "மே மாச சீசன்லதான் மேல வர்ற வண்டிய குன்னூர் ரோட்ல விடுவாங்க, இப்ப மேட்டுப்பாளையத்துல இருந்து நேரா கோத்தகிரி ரோட்லயே வாங்க. தண்ணிய ஸ்டீல் பாட்டில்ல கொண்டாங்க, பிளாஸ்டிக் பாட்டில் இருந்தா செக்போஸ்ட்ல பிடுங்கிடுவாங்க." ஒரு வார்த்தை பொய் இல்லை. ஊரைப் பற்றி இவ்வளவு சரியாகச் சொல்கிறவன் வீட்டைப் பற்றிப் பொய் சொல்வான் என்று யாருக்குத் தோன்றும்?

யூபிஐயில் பின் போடும் முன் திரையில் வந்த பெயர் ஒரு மொபைல் ரிப்பேர் கடையுடையது. கேட்டதற்கு, "தம்பி அக்கவுண்ட்தான் சார்" என்றான். 9,600 போனது.

அனுப்பிய படத்தை இப்போது பார்த்தால் வயிறு எரிகிறது. ஜன்னலுக்கு வெளியே தேயிலை, நடுவில் சில்வர் ஓக் மரங்கள், ஒவ்வொரு மரத்திலும் மிளகுக் கொடி உச்சி வரை ஏறியிருக்கிறது. கோத்தகிரி டவுன் சுமார் 1,800 மீட்டர் உயரம். அந்தக் குளிரில் மிளகு அப்படிச் செழித்து ஏறாது. கீழே குஞ்சப்பனைப் பக்கம் பார்க்கலாம், கூடலூர், வயநாடு, வால்பாறையில் பார்க்கலாம். ஈளாடாவில் சில்வர் ஓக் மரம் கொடியில்லாமல்தான் நிற்கும். படம் வேறு எந்த மலையிலிருந்தோ திருடியது.

அடுத்தது அந்த 400 ரூபாய் இ-பாஸ். நீலகிரிக்குள் வெளி வண்டிகளுக்கு 2024 மே 7-லிருந்து இ-பாஸ் வேண்டும், உண்மை. ஆனால் அது இலவசம். அரசின் இ-பாஸ் தளத்தில் போன் நம்பர் போட்டு, ஓடிபி கொடுத்து, வண்டி நம்பர், எத்தனை பேர், வரும் தேதி, போகும் தேதி, தங்கும் இடம் நிரப்பினால் ஐந்து நிமிஷ வேலை. அரசு பஸ்ஸில் போனால் அதுவும் தேவையில்லை. இவன் அனுப்பிய பிடிஎஃபை குஞ்சப்பனை செக்போஸ்ட்டில் ஸ்கேன் செய்தால் வேறு ஏதோ வண்டி நம்பர் வந்தது. யாருடைய பழைய பாஸிலோ எழுத்தை மட்டும் மாற்றியிருக்கிறான். "இதுக்குப் போய்க் காசு குடுத்தீங்களா?" என்று கேட்டுவிட்டு, அங்கேயே புதிதாகப் பதிய வைத்து அனுப்பினார்கள். அவனைக் கூப்பிட்டால், "ஆபீஸ் பையன் மாத்தி அனுப்பிட்டான் சார், அந்த 400-ஐ வந்ததும் கழிச்சுக்கலாம்." ஆன்லைன் பண மோசடியைப் புகார் செய்யும் சைபர் க்ரைம் எண் 1930-ஐ அப்போதே கூப்பிட்டிருக்க வேண்டும். வண்டியைத் திருப்பாமல் மேலே போனது மடத்தனம்.

கேட்டில் இருந்த காவல்காரர் சிரிக்கக்கூட இல்லை. "இந்த வாரத்துல நீங்க மூணாவது குடும்பம்" என்றார். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன், அந்த ரோட்டில் இருட்டிய பிறகு காட்டுமாடு நிற்கும், கரடி தேயிலைக்குள்ளிருந்து இறங்கும். அறுபது வயது தாண்டியவர்களையும் குழந்தைகளையும் வைத்துக்கொண்டு பனிமூட்டத்தில் நிற்கிற இடமா அது?

பிறகு சாக்குகள். ஐந்தரைக்கு, "டவர் இல்ல சார், ஆள அனுப்பிட்டேன்." ஆறே காலுக்கு, "ஓனர் அம்மாவ ஆஸ்பத்திரியில சேத்திருக்கு." ஏழு மணிக்கு, "பணத்தத் திருப்பிடறேன், க்யூஆர் அனுப்பறேன், ஸ்கேன் பண்ணி பின் போடுங்க." அதில் 9,600 என்றே போட்டிருந்தது. பின் போட்டிருந்தால் இன்னொரு 9,600 போயிருக்கும். பணம் வாங்குவதற்கு ஸ்கேனும் வேண்டாம், பின்னும் வேண்டாம். போடவில்லை என்றதும் நம்பரை பிளாக் செய்துவிட்டான். ராத்திரி டவுனுக்குத் திரும்பி வேறு அறை எடுத்த செலவு தனி.

தளத்தின் பதில்கள் அதைவிட மோசம். முதலில் இயந்திரம் பேசியது. பிறகு "48 மணி நேரத்தில் தொடர்பு கொள்வோம்". மூன்றாம் நாள், "கட்டணம் எங்கள் தளத்துக்கு வெளியே நடந்துள்ளதால் பொறுப்பேற்க இயலாது". சரி, பணத்துக்குப் பொறுப்பு வேண்டாம். இல்லாத வீட்டை விளம்பரம் போட்டதற்கு? அதற்கு இன்னும் பதில் இல்லை. அந்த விளம்பரம் இன்று காலையும் அப்படியே இருக்கிறது. பேங்கில் ஒரே வரி: "நீங்களே பின் போட்டு அனுப்பினது சார்."

கோத்தகிரியை நிதானமாகப் பார்க்க முழுத் திட்டமும், தங்குமிடம் சரிபார்க்கும் வழியும் எழுத வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். இப்போது அதற்கு மனசில்லை. அவசரத்துக்கு இவ்வளவுதான்:

தளத்தில் பார்த்த அறைக்குத் தளத்திலேயே பணம் கட்டுங்கள். நேரே பேசுகிறவனிடம் வீடியோ காலில் வாசலில் ஆரம்பித்து ரோடு வரை நடந்து காட்டச் சொல்லுங்கள், டவர் இல்லை என்றால் விட்டுவிடுங்கள். யூபிஐயில் பெயர் மாறினால் அனுப்பாதீர்கள். இ-பாஸுக்குக் காசு கேட்டால் போனை வையுங்கள். நாலு மணிக்கு முன்னால் போய்ச் சேருங்கள். ஏமாந்தது தெரிந்தால் மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று தூங்காமல் உடனே 1930. பணம் அவன் கணக்கை விட்டு நகர்வதற்குள் சொன்னால் முடக்க வாய்ப்பு அதிகம். 12 இலக்க யூடிஆர் எண் (பணம் அனுப்பிய ரசீதில் இருக்கும் அடையாள எண்), அனுப்பிய நேரம், அவன் யூபிஐ ஐடி மூன்றையும் கையில் வைத்துக்கொண்டு கூப்பிடுங்கள். நாங்கள் கூப்பிட்டது ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு. 9,600-உம் அதற்குள் வேறு கணக்குக்குப் போய்விட்டது.