ரெட்மி நோட் 14, பாவித்த பிக்சல் 6ஏ, கலக்சி ஏ16: நான் எதை எடுத்தேன், ஏன் எடுத்தேன்

60,000 ரூபாயைச் சுற்றி ஒரு ஆண்ட்ராய்ட் போன் வேண்டும், வாங்கினதை நம் விருப்பத்துக்கு மாற்றியும் பாவிக்க வேண்டும் என்றால் யாழ்ப்பாணத்தில் மூன்று வழி இருக்கிறது. கடையில் புதிதாக ரெட்மி நோட் 14இன் 4ஜி மொடலை எடுக்கலாம், பக்கத்துக் கண்ணாடிப் பெட்டியில் இருக்கும் சாம்சங் கலக்சி ஏ16 எடுக்கலாம், இல்லையென்றால் கனடாவிலோ லண்டனிலோ இருந்து வந்தவர்கள் கொண்டுவந்து கைமாறும் பாவித்த பிக்சல் 6ஏ ஒன்றைத் தேடிப் பிடிக்கலாம். நான் ஏ16இன் 4ஜி மொடலை எடுத்தேன், பிறகு அம்மாவுக்கும் அதையே எடுத்துக் கொடுத்தேன். அதனால் என் சாய்வு எந்தப் பக்கம் என்பது தெரிந்ததுதான், ஆனால் மற்ற இரண்டிலும் எது நல்லது என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன்.

பெட்டியில் அச்சடித்திருப்பதை மட்டும் பார்த்தால் ரெட்மிதான் வெல்லும். திரை 120 ஹெர்ட்ஸ், ஏ16இல் 90. பற்றரி 5500, ஏ16இல் 5000. சார்ஜ் 33 வாட், இங்கே 25. இரண்டு ஸ்பீக்கர், ஹெட்போன் குத்தும் ஓட்டை, டிவி ரிமோட்டாகப் பாவிக்க அகச்சிவப்பு என்று எல்லாம் ரெட்மியில் இருக்கிறது, ஏ16இல் ஒரே ஸ்பீக்கர், ஹெட்போன் ஓட்டையே இல்லை, பெட்டிக்குள் சார்ஜரும் இல்லை. சிப் இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான், ஹீலியோ ஜி99 குடும்பம். கமராவில் 108 மெகாபிக்சல், 50 மெகாபிக்சல் என்று சண்டை பிடிக்கத் தேவையில்லை, பகல் வெளிச்சத்தில் இரண்டும் போதும், இரவில் இரண்டும் சுமார்.

படம் எடுப்பதுதான் முக்கியம் என்றால் பிக்சல் 6ஏக்குக் கிட்ட இரண்டும் வராது. கல்யாண மண்டபத்து மஞ்சள் வெளிச்சத்தில் முகத்தின் நிறத்தை அது எடுக்கிற மாதிரி இந்த விலையில் வேறொன்றும் எடுக்காது. ஆனால் அது 2022 ஜூலையில் வந்த போன், பாதுகாப்பு அப்டேட் 2027 ஜூலையோடு முடிகிறது. அதைவிடப் பெரிய விஷயம் பற்றரி. சூடாகும் அபாயம் இருக்கிறது என்று சொல்லி 2025 ஜூலையில் கூகுளே ஒரு கட்டாய அப்டேட் அனுப்பியது, 400 தடவை சார்ஜ் ஏறி முடிந்ததும் பற்றரியின் கொள்ளளவும் சார்ஜ் ஏறும் வேகமும் குறைந்துவிடும். வேறு சில நாடுகளில் இலவசமாகப் பற்றரி மாற்றிக் கொடுத்தார்கள், பிக்சலை அதிகாரபூர்வமாக விற்காத நம் நாட்டில் அதை யாரிடம் போய்க் கேட்பது? அதே காரணத்தால் 4ஜி வழியாக அழைப்பு எடுக்கும் வோல்ட்டி வசதியும் பெரும்பாலும் தானாக வேலை செய்யாது. சித்திரை வெயிலில் பிக்சலுக்குள் இருக்கும் கூகுளின் டென்சர் சிப் சூடாவதையும் கணக்கில் எடுங்கள். பிக்சலை நான் சொந்தமாக வைத்திருக்கவில்லை, உறவினர் ஒருவரின் போனைச் சில நாள் வாங்கிப் பாவித்துத்தான் பார்த்தேன், அதனால் அது வருடக் கணக்கில் எப்படி உழைக்கும் என்பதை வைத்திருப்பவர்களிடம் கேளுங்கள்.

சரி, இனித்தான் என் முடிவைத் தீர்மானித்த விஷயம்.

போனை மாற்றிப் பாவிப்பது என்றதும் எங்கட பெடியள் முதலில் கேட்பது 'பூட்லோடர் திறக்கலாமா, கஸ்டம் ரொம் போடலாமா' என்றுதான். போன் தொடங்கும்போது முதலில் ஓடும் நிரல்தான் பூட்லோடர், அதிலிருக்கும் பூட்டுத்தான் வேறு மென்பொருள் ஏறாமல் தடுக்கிறது. கொம்பனி தந்ததற்குப் பதிலாக வேறு ஆட்கள் செய்து தரும் ஆண்ட்ராய்ட்தான் கஸ்டம் ரொம். ஆசை நியாயமானதே. லீனியேஜ் ஓஎஸ் என்ற கஸ்டம் ரொம் போட்ட ஒரு போனைக் கையில் பிடித்துப் பாருங்கள், விளம்பரம் இல்லை, கேட்காமல் வந்த செயலி ஒன்றும் இல்லை, கொம்பனி கைவிட்ட போனுக்கும் புது ஆண்ட்ராய்ட் கிடைக்கிறது. 2021இல் வந்த ரெட்மி நோட் 10 புரோ அதற்கு நல்ல உதாரணம், ஸ்னாப்டிராகன் சிப், லீனியேஜின் அதிகாரபூர்வப் பட்டியலிலும் இருக்கிற போன்.

ஆனால் பூட்லோடரைத் திறந்த நிமிடத்திலிருந்து அந்தப் போன் கூகுளின் கண்ணில் நம்பத்தகாத கருவி. பிளே இன்டெக்ரிட்டி என்று ஒரு சோதனை இருக்கிறது, ஒரு செயலி கேட்டால் 'இந்தப் போனின் பூட்டு திறந்திருக்கிறதா' என்று கூகுள் பதில் சொல்லும். முன்பெல்லாம் மென்பொருளால் அதை ஏமாற்ற முடிந்தது. 2025 மே மாதத்திலிருந்து ஆண்ட்ராய்ட் 13உம் அதற்கு மேற்பட்டதும் உள்ள போன்களில் அந்தப் பதிலுக்கு வன்பொருளின் சாட்சியையும் கேட்கிறார்கள், ஏமாற்றுவது மிகவும் கடினமாகிவிட்டது. இன்று ஒரு வழி கண்டுபிடிப்பார்கள், அடுத்த மாதம் அது அடைபடும், பிறகு இன்னொரு வழி தேட வேண்டும்.

இது எனக்கு ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், இங்கே இப்போது போன்தான் வங்கி. கரண்ட் பில், ரீலோட், கடையில் கியூஆர் காட்டிக் காசு கட்டுவது, வெளிநாட்டில் இருந்து வந்த காசு கணக்கில் விழுந்ததா என்று பார்ப்பது எல்லாம் அதில்தான். என் சித்தியின் மகன் தன் போனில் ரொம் மாற்றினான், வடிவாகத்தான் வேலை செய்தது, ஒரு நாள் அவனுடைய வங்கியின் செயலி அப்டேட் ஆனதும் திறக்கவே மாட்டேன் என்றது. வங்கியில் போய்க் கேட்டால் வேறு போனில் போடச் சொன்னார்கள். அவனிடம் லப்டொப் இருக்கிறது, நேரம் இருக்கிறது, இரண்டு நாளில் பழைய ரொம்முக்குத் திரும்பிப் பூட்டைப் போட்டுவிட்டான். ஒரே ஒரு போனில் முழு வீட்டின் காசு விவகாரத்தையும் வைத்திருக்கிற ஒருவருக்கு அந்த இரண்டு நாள் பெரிய தலையிடி.

திறப்பதிலும் மூன்று போனும் மூன்று விதம். பிக்சல்தான் இலகு, அமைப்பில் ஒரு சுவிட்ச், கணினியிலிருந்து ஒரு கட்டளை, அவ்வளவுதான். கிராபீன் ஓஎஸ் என்ற ரொம் போட்டால் பூட்டைத் திரும்பப் போடவும் முடியும், ஆனால் வாங்கும் போன் அமெரிக்காவின் வெரைசன் வலையமைப்புக்காக விற்கப்பட்டது என்றால் திறக்கவே முடியாது, விற்கிறவரிடம் முதலில் அதைக் கேளுங்கள். ரெட்மியைச் செய்யும் ஷியோமியில் 2023 கடைசியில் ஹைப்பர் ஓஎஸ் என்ற புது மென்பொருள் வந்த பிறகு கெடுபிடி கூடிவிட்டது, அவர்களுடைய கம்யூனிட்டி செயலியில் விண்ணப்பிக்க வேண்டும், அனுமதிக்கான அன்றாட ஒதுக்கீடு பீஜிங் நள்ளிரவில், அதாவது நமக்கு இரவு 9.30க்குத் திறக்கும், கண்மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும். இவ்வளவு பாடுபட்டுத் திறந்தாலும் ஹீலியோ போன்ற மீடியாடெக் சிப் உள்ள மலிவுப் போனுக்கு நம்பகமான ரொம் கிடைப்பது அரிது. சாம்சங் 2025இல் வந்த ஒன் யூஐ 8 மென்பொருளோடு திறக்கும் வழியையே எடுத்துவிட்டது, அதற்கு முந்திய பதிப்பில் திறந்து வேறு ரொம் போட்டால் நொக்ஸ் என்ற உள் உருகி ஒன்று நிரந்தரமாக எரிந்துவிடும், பூட்டைத் திரும்பப் போட்டாலும் செக்கியூர் ஃபோல்டர் என்ற மறைவான பெட்டகம் திரும்ப வராது.

ஆக, பூட்டைத் தொடுவதில்லை என்று முடிவெடுத்தேன். அப்படி முடிவெடுத்ததும் கேள்வியே மாறிவிடுகிறது: பூட்டோடு வைத்திருக்கும் ஒரு போனை எது கனகாலம் புதிதாக வைத்திருக்கும்? ஏ16க்கு ஆறு ஆண்ட்ராய்ட் பதிப்புகளும் ஆறு வருடப் பாதுகாப்பு அப்டேட்டும் தருவதாகச் சாம்சங் சொல்கிறது. 2024 கடைசியில் ஆண்ட்ராய்ட் 14உடன் வந்த போன், அந்தக் கணக்கில் 2030 வரை ஓடும். இந்த விலையில் ரெட்மி தரும் வாக்குறுதி இத்தனை நீளமில்லை, பிக்சலுக்கோ நாள் எண்ணியாகிவிட்டது. கஸ்டம் ரொம்மிடம் நான் எதிர்பார்த்ததில் பாதி புது ஆண்ட்ராய்ட்தான், அது ரொம் போடாமலே கிடைக்கிறது.

மற்றப் பாதி தேவையில்லாத செயலிகளைத் துரத்துவது. அதற்கும் பூட்டைத் திறக்கத் தேவையில்லை, கணினிகூடத் தேவையில்லை. பில்ட் நம்பரை ஏழு தடவை தட்டி டெவலப்பர் பகுதியைத் திறந்து, வயர்லெஸ் டிபக்கிங்கை (கேபிள் இல்லாமல் போனுக்குக் கட்டளை கொடுக்கும் வசதி) இயக்கி, ஷிசுக்கு என்ற செயலிக்கு அனுமதி கொடுத்து, கான்டா என்ற செயலியால் வேண்டாததைத் தெரிவு செய்து நீக்கலாம். சாம்சங்கில் ஓட்டோ பிளொக்கர் என்ற பாதுகாப்பு வசதி குறுக்கே வந்தால் வேலை முடியும்வரை அதை நிறுத்திவிட்டு மறக்காமல் திரும்பப் போடுங்கள். இப்படி நீக்குவது உங்கள் பாவனைக் கணக்கிலிருந்து மட்டும்தான், மூலக் கோப்பு போனுக்குள்ளேயே இருக்கும், ஏதாவது குழம்பினால் ரீசெட் செய்ததும் எல்லாம் பழையபடி வந்துவிடும். வங்கிச் செயலிக்கு இதில் ஒரு பிரச்சினையும் இல்லை, செயலிகளை நீக்கினதும் டிபக்கிங்கை நிறுத்திவிடுங்கள், அது ஓடிக்கொண்டிருந்தால் சில வங்கிச் செயலிகள் முகம் சுளிக்கும். தெரியாத பெயருள்ள ஒன்றையும் நீக்காதீர்கள், கான்டாவே எது பாதுகாப்பானது என்று குறித்துக் காட்டும்.

அப்புறம் சின்னச் சின்ன வேலைகள். அனிமேஷன் அளவை 0.5க்குக் குறைத்தால் போன் உடனே சுறுசுறுப்பாகத் தெரியும். பிரைவேட் டிஎன்எஸ் என்ற இடத்தில் விளம்பரத்தைத் தடுக்கும் அட்கார்ட் சேவையின் முகவரியைப் போட்டால் பல செயலிகளில் விளம்பரம் குறையும், டேட்டாவும் மிஞ்சும். லோன்செயர் போல ஒரு லோஞ்சர் போட்டால் முகப்பு முழுவதும் உங்கள் இஷ்டம். ஆண்ட்ராய்ட் 13இலிருந்து ஒவ்வொரு செயலிக்கும் தனி மொழி வைக்கலாம், போன் ஆங்கிலத்தில் இருக்க, மொழிபெயர்ப்பு உள்ள செயலிகளை மட்டும் அம்மாவுக்குத் தமிழில் மாற்றிக் கொடுத்தேன். ஈசி மோட் போட்டதும் எழுத்தும் படங்களும் பெரிதாகிவிட்டன, கண்ணாடியைத் தேடாமலே எடுத்துக் கதைக்கிறா.

இதெல்லாம் ரெட்மியிலும் செய்யலாம், ஆனால் வேலை கூட. கொம்பனியே காட்டும் விளம்பரங்களை எம்எஸ்ஏ என்ற செயலியில் தொடங்கி ஒவ்வொரு இடமாகத் தேடி நிறுத்த வேண்டும். அதைவிட எனக்குப் பிடிக்காதது, பின்னணியில் ஓடும் செயலிகளை அது கண்டபடி நிறுத்துவது. வட்ஸ்அப்புக்குத் தானாக இயங்கும் ஓட்டோஸ்டார்ட் அனுமதி கொடுத்து, பற்றரிக் கட்டுப்பாட்டையும் எடுத்துவிடாவிட்டால் தகவல் தாமதமாக வரும், அழைப்பு தவறும். ரொறன்ரோவில் இருக்கிற பிள்ளை வேலை முடிந்து எடுக்கிற நேரத்தில் மணி அடிக்காத போனை வைத்து என்ன செய்வது?

டிஸ்பிளே உடைந்தால் என்ன என்பதையும் வாங்கும்போதே யோசியுங்கள். ரெட்மி நோட் 14இல் விரல் ரேகை திரைக்குக் கீழே, ஏ16இல் பக்கவாட்டுப் பொத்தானில். திருத்தும் கடையில் விலை குறைவு என்று எல்சிடி கொப்பி டிஸ்பிளே போட்டால் திரைக்குக் கீழே இருக்கும் விரல் ரேகை வேலை செய்யாது, பக்கவாட்டில் இருப்பதற்கு ஒன்றும் ஆகாது. பிக்சலுக்கு டிஸ்பிளே கொழும்பில் சொல்லி எடுப்பிக்க வேண்டி வரலாம்.

ஏ16 எடுப்பதென்றால் 4 ஜிபி ராம் உள்ள மொடலை மட்டும் எடுக்காதீர்கள், ஆறு வருடத்துக்கு அது காணாது. கடைக்காரத் தம்பி 'அண்ணா, இது எட்டும் எட்டும் பதினாறு' என்றால் இரண்டாவது எட்டு சேமிப்பிடத்தில் இருந்து கடன் வாங்கினது, உண்மையான ராம் இல்லை. லப்டொப்பும் வங்கிக்கென்று இரண்டாவது போனும் உள்ளவர், ரொம் போட்டு விளையாடுவதில் உண்மையான ஆசையுள்ளவர் என்றால் புது ரெட்மியை விட்டுவிட்டு, லீனியேஜ் பட்டியலில் உள்ள பாவித்த போன் ஒன்றைத் தேடுங்கள்.

எதை எடுத்தாலும் காசு கொடுக்க முன்பு கடையிலேயே *#06# அடித்து வரும் 15 இலக்கத்தை, முன்னால் ஐஎம்இஐ என்று ஆங்கிலத்தில் எழுதி இடைவெளி விட்டு, 1909க்கு எஸ்எம்எஸ் அனுப்புங்கள். தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவில் பதிவான போனா என்று பதில் வரும். பதிவில்லாத புதுக் கருவிகள் 2025 ஜனவரி கடைசியிலிருந்து நம் வலையமைப்புகளில் இயங்காது என்று ஆணைக்குழு அறிவித்தது, வெளிநாட்டுப் பிக்சலுக்கு இது முதல் சோதனை. பெட்டியில் உள்ள இலக்கமும் திரையில் வந்த இலக்கமும் ஒன்றா என்று பார்த்து, வாரண்டி அட்டையில் கடைச் சீலும் திகதியும் வாங்கிக்கொண்டு வெளிக்கிடுங்கள்.