முயலுக்குப் புல்: இயந்திரம் வெட்டியதா, கையால் அறுத்ததா, மேய விடுவதா?

வாசலில் நாலடி புல்தரை இருந்தாலே முயல் வளர்ப்பவருக்குத் தீவனக் கவலை பாதி குறையும். அருகம்புல் தரையானால் இன்னும் நல்லது. முயல் விரும்பித் தின்னும். ஆனால் அந்தப் புல் முயலின் வாய்க்கு எப்படிப் போய்ச் சேருகிறது என்பதில்தான் நன்மையும் ஆபத்தும் இருக்கின்றன.

புல்வெட்டும் இயந்திரத்தின் பையில் சேரும் புல்லை முதலிலேயே தள்ளிவிடுகிறேன். சுழலும் பிளேடு புல்லை வெட்டுவதோடு நசுக்கியும் விடுகிறது. சாறு கசிந்த பொடிப்புல் குவிந்து கிடந்தால் வெகு சீக்கிரம் புளிக்கத் தொடங்கும். சிறிது நேரம் கழித்து அந்தக் குவியலுக்குள் கையை நுழைத்துப் பாருங்கள்: மேலே குளிர்ச்சியாக இருந்தாலும் நடுவில் வெதுவெதுப்பாக இருக்கும். முயலால் வாந்தி எடுக்க முடியாது. புளித்த புல் வயிற்றை உப்பவைத்துக் குடலின் இயக்கத்தையே நிறுத்திவிடக்கூடும். அது உயிருக்கே ஆபத்து. இயந்திரத்தின் எண்ணெய்த் துளிகளும் புல்லில் பட்டிருக்கலாம். வீணாகிறதே என்று வருந்துகிறவர்கள் அதை உரக்குழியில் போடலாம்.

கத்தரிக்கோலாலோ அரிவாளாலோ அறுத்த புல்லின் கதை வேறு. இழை நீளமாக, நசுங்காமல் கிடைக்கிறது. முயலின் பற்கள் ஆயுள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருப்பவை. நீண்ட புல் தாளை ஒரு முனையில் பற்றி, தாடையைப் பக்கவாட்டில் அசைத்து அசைத்து அது உள்ளே இழுப்பதைக் கவனியுங்கள். அந்த அரைப்பில்தான் கடைவாய்ப் பற்கள் தேய்கின்றன. அறுக்கும்போதே பார்த்தீனியம், உண்ணிச்செடி, அரளி இலை போன்றவற்றைப் பொறுக்கி எறிந்துவிடலாம் என்பது இன்னொரு வசதி. மிஞ்சியதை நிழலில் மெல்லிய பரப்பாக உலர்த்தினால் மழைக்காலத்துக்கு உதவும். பூஞ்சை வாடை வந்தால் மட்டும் யோசிக்காமல் கொட்டிவிட வேண்டும்.

மேய விடுவதே முயலுக்குப் பெரிய மகிழ்ச்சி, ஓட்டமும் கிடைக்கிறது. ஆனால் நம் ஊர் வெயிலில் அதற்கு அதிகாலையும் மாலையும்தான் பொருந்தும். 30 டிகிரியைத் தாண்டினாலே முயல் தவித்துப்போகும். தெருநாய் வந்துபோகும் தரை கூடாது. நாயின் மலத்திலுள்ள நாடாப்புழு முட்டைகள் புல்வழியே முயலுக்குள் போகும். களைக்கொல்லியோ பூச்சிமருந்தோ தெளித்த தரையில் மேய்ச்சலும் வேண்டாம், அறுப்பும் வேண்டாம். மருந்து படாத சொந்தத் தரையும், பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொள்ள ஆளும் இருந்தால் மாலையில் மேயவிடுங்கள். அன்றாடத் தீவனத்துக்கு என் வாக்கு கையால் அறுத்த புல்லுக்கே.

பிள்ளையார் கோயில் வாசலில் விற்கும் அருகம்புல் கட்டு எந்தச் சாக்கடை ஓரத்தில் பறித்ததோ தெரியாது. தோட்டம் தெரிந்தவரிடம் மட்டும் வாங்கி, அலசி, நீரை உதறிக் கொடுங்கள். குதிரைமசால் என்ற தீவனப்பயிர் வளரும் குட்டிக்கும் பாலூட்டும் தாய்க்கும் ஏற்றது. அதில் சுண்ணாம்புச்சத்து மிகுதி என்பதால் வளர்ந்த முயலுக்கு அன்றாடத் தீவனமானால் சிறுநீர்ப்பையில் படிவு சேரக்கூடும்.

கடைத் தீவனத்திலேயே வளர்ந்த முயலுக்குப் புல்லை முதல் நாள் ஒரு சிறு பிடி மட்டும் கொடுத்து, ஓரிரு வாரத்தில் மெல்லக் கூட்டுங்கள். தினமும் புழுக்கையைப் பாருங்கள். உருண்டு உலர்ந்து நிறைய விழுந்தால் புல் ஒத்துக்கொள்கிறது. இளகினால் புல்லைக் குறைத்து உலர்புல்லைக் கூட்டுங்கள். புழுக்கையே விழாமல், தீனியும் தொடாமல் அரை நாள் போனால் விடியட்டும் என்று காத்திராமல் கால்நடை மருத்துவரிடம் தூக்கிச் செல்லுங்கள்.