1000000007: எட்டு வருடம் பயன்படுத்திய அனுபவம்

"விடையை 1000000007-ஆல் வகுத்து மீதியைத் தருக." நிரலாக்கப் போட்டிகளுக்குப் பழகியவர்களுக்கு இந்த வரி மனப்பாடம். முதல் வருடம் நானும் ஏன் எதற்கு என்று கேட்காமல் தட்டச்சு செய்துகொண்டிருந்தேன். எட்டு வருடப் புழக்கத்துக்குப் பிறகு இந்த எண் மீது எனக்கு உண்மையான மரியாதை வந்திருக்கிறது.

பத்து இலக்கப் பகா எண்களில் இதுதான் மிகச் சிறியது. அளவும் கச்சிதம். இரண்டு மீதிகளைக் கூட்டினால் 2147483647-ஐத் தாண்டாது, 32 பிட்டுக்குள் அடங்கிவிடும். பெருக்கினால் 64 பிட் போதும். ஒன்பது பெருக்கல்களைக் கூட்டிவிட்டு ஒரே தடவை மீதி எடுத்தாலும் வழியாது. அணிப் பெருக்கலில் இது நிறைய நேரத்தை மிச்சப்படுத்தும்.

ஆனால் எனக்கு மிகவும் பிடித்தது வகுத்தல். பகா எண் என்பதால் 0 தவிர எல்லா மீதிக்கும் பெருக்கல் நேர்மாறு, அதாவது அதோடு பெருக்கினால் மீதி 1 தரும் எண், உண்டு. ஃபெர்மாவின் சிறு தேற்றப்படி 1000000005-ஆம் அடுக்குக்கு உயர்த்தினால் அது கிடைத்துவிடும். 2-இன் நேர்மாறு 500000004. இரண்டையும் பெருக்கிப் பாருங்கள்: 1000000008, அதாவது மீதி 1. இப்போதெல்லாம் திரையில் 500000004 வந்தால் "அரை" என்றே என் கண் வாசிக்கிறது. 333333336 மூன்றில் ஒன்று, 166666668 ஆறில் ஒன்று. நிகழ்தகவுக் கணக்கில் பிழை தேடும்போது இந்தப் பழக்கம் பலமுறை கைகொடுத்திருக்கிறது.

ஒன்றைக் கழித்தால் 1000000006. அது 2 × 500000003, அந்த 500000003-உம் பகா எண்! இதைத் தெரிந்துகொண்ட அன்று அவ்வளவு சந்தோஷம். முதன்மை மூலத்தை, அதாவது தன் அடுக்குகளாலேயே 0 தவிர எல்லா மீதிகளையும் தரும் எண்ணை, தேடி அலைய வேண்டாம். வர்க்க மீதியாக (ஒரு வர்க்கத்தை வகுத்தால் வரும் மீதியாக) இல்லாத எண், -1 (அதாவது 1000000006) நீங்கலாக, எதுவானாலும் சரி. மிகச் சிறியது 5. 4-ஆல் வகுத்தால் மீதி 3 என்பதால் வர்க்கமூலமும் சுலபம்: மூலம் இருக்கும் எண்ணை 250000002-ஆம் அடுக்குக்கு உயர்த்தினால் போதும்.

சரி, குறைகள். அதே அமைப்புதான் பல்லுறுப்புக்கோவைப் பெருக்கலில் காலை வாருகிறது. அந்தப் பெருக்கலை விரைவாக்கும் வேக உருமாற்றத்துக்கு, ஒன்றைக் கழித்தபின் 2-இன் பெரிய அடுக்கால் வகுபட வேண்டும். இதுவோ ஒரே ஒரு தடவைதான் வகுபடும். அங்கே 998244353-க்கு மாறிவிட்டேன். அது 119 × 2²³ + 1.

எழுத்துச் சரங்களை ஒப்பிட, ஒவ்வொன்றையும் ஒரே எண்ணாகச் சுருக்கும் ஹாஷுக்கும் இது சிறியது. ஒரு லட்சம் சரங்கள் என்றால் ஏறக்குறைய 500 கோடி ஜோடிகள், மீதிகளோ 100 கோடிதான். வெவ்வேறு சரங்களுக்கு ஒரே எண் கிடைக்கும் மோதல்கள் சராசரியாக ஐந்து வரும். இது புரியாமல் ஒரு போட்டியில் ஒரு மணி நேரத்தைத் தொலைத்தேன். அப்புறம் 2⁶¹ − 1 என்ற பகா எண்ணுக்குப் போனேன், தொல்லை தீர்ந்தது.

இன்னொன்று: சி பிளஸ் பிளஸில் கழித்தலுக்குப் பின் மீதி குறை எண்ணாக வரலாம். எண் மீது தப்பில்லை, 1000000007-ஐ ஒருமுறை கூட்டிவிடுங்கள்.

எண்ணும் கணக்குகளுக்கு இன்றும் என் கோப்பின் முதல் மாறிலி இதுதான்.