எலும்பு நிபுணர் கிளினிக்: காத்திருப்பு அதிகம், ஆனாலும் 5க்கு 4

மாவுக்கட்டு பிரித்த பிறகும் பிள்ளையை விடாமல் கூப்பிட்டுப் பார்க்கிறார்கள், அதற்காகவே இந்த 4 நட்சத்திரம். மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து எங்களை அனுப்பிய பெரிய அரசு மருத்துவமனையின் எலும்பு கிளினிக்கைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

என் மகனுக்கு 11 வயது. பள்ளித் திடலில் பந்து விளையாடும்போது விழுந்து கணுக்கால் மடங்கிவிட்டது. டவுனில் ஒரு தனியார் கிளினிக்கில் தொட்டுப் பார்த்துவிட்டு, சுளுக்குதான் என்று களிம்பும் வலி மாத்திரையும் கொடுத்து அனுப்பிவிட்டார்கள், எக்ஸ்ரே பேச்சே இல்லை. வீக்கம் வடியவில்லை, காலை ஊன்றவும் முடியவில்லை. தோட்டத்தில் ஆளாளுக்கு உருவிவிடச் சொன்னார்கள். நாங்கள் உருவாமல் அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோனோம், எக்ஸ்ரேக்குப் பிறகு இந்த எலும்பு கிளினிக்குக்குப் போக அங்கிருந்து கடிதம் கிடைத்தது.

டாக்டர் படம் வரைந்தே விளக்கினார். வளரும் பிள்ளைகளின் நீள எலும்பு முனையில் வளர்ச்சித் தட்டு என்ற குருத்தெலும்பு இருக்கிறது, எலும்பு நீளுவது அங்கேதான். மூட்டைப் பிடித்திருக்கும் நார்களைவிட அது பலவீனமானது, அதனால் பெரியவருக்குச் சுளுக்கோடு போகும் அடி பிள்ளைக்குத் தட்டையே உடைத்துவிடும். சால்ட்டர், ஹாரிஸ் என்ற இரண்டு டாக்டர்கள் 1963இல் இதை 5 வகையாகப் பிரித்தார்களாம். முதல் வகை எக்ஸ்ரேயில் தெரியாமலும் போகலாம், தட்டின் மேல் அழுத்தினால் வலிப்பதை வைத்துத்தான் பிடிக்க வேண்டும். மகனுக்கு இரண்டாவது வகை, பிள்ளைகளுக்கு அதிகம் வருவது இதுதான். மூன்றிலும் நான்கிலும் பிளவு மூட்டுக்குள் போகும், விலகியிருந்தால் ஆபரேஷன். ஐந்தாவது நசுங்கல், பல நேரம் வளர்ச்சி கெட்ட பிறகுதான் தெரியவரும்.

பெரும்பாலும் நன்றாகவே கூடிவிடும். ஆனால் அடிபட்ட இடத்தில் தட்டின் குறுக்கே எலும்பு கட்டிக்கொண்டால் ஒரு பக்கம் நின்று மறுபக்கம் வளர, கால் கோணும், தட்டு முழுவதும் நின்றுவிட்டால் அந்தக் கால் குட்டையாகும். முழங்காலுக்கு மேலே, தொடை எலும்பின் கீழ்முனையில் அடி என்றால் இந்த ஆபத்து இன்னும் கூடுதல். இதெல்லாம் மாதங்கள் கழித்துத்தான் வெளிப்படும், பிள்ளை அதற்குள் ஓடி ஆடிக்கொண்டிருப்பான், நம்மில் பலர் கிளினிக் பக்கம் போவதை அதோடு நிறுத்திவிடுகிறோம்.

இங்கே ஒவ்வொரு முறையும் இரண்டு காலையும் அளந்து எக்ஸ்ரே எடுக்கிறார்கள். அடிபட்ட பிறகு வளர்ந்த எலும்பில் மெல்லிய வெள்ளைக் கோடு ஒன்று விழும், அது தட்டுக்கு இணையாக நகர்ந்தால் வளர்ச்சி சீர், சாய்ந்தால் கவலை. டாக்டர் கணினித் திரையைத் திருப்பி எங்களுக்கே அந்தக் கோட்டைக் காட்டினார், இணையாக இருந்தது, எனக்குக் கண் கலங்கிவிட்டது. சாய்ந்திருந்தாலும் வழி உண்டாம்: வளர வேண்டிய வருடங்கள் மீதமிருந்து, கட்டிய எலும்பு சிறியதாகவும் இருந்தால் அதை வெட்டி எடுத்துவிட்டு அந்த இடத்தில் கொழுப்பை வைப்பார்கள்.

ஒரு நட்சத்திரம் குறைத்தது காத்திருப்புக்காக. காலையில் நம்பர் எடுத்தாலும் மதியம் ஆகிவிடுகிறது, பிள்ளைக்குச் சாப்பாடு கட்டிக்கொண்டு போங்கள். டாக்டர் மலாயில் வேகமாகப் பேசுவார், புரியாவிட்டால் கூச்சப்படாமல் கேளுங்கள். கூட வந்த என் மாமியாருக்குத் தாதி ஒருவர் தமிழில் முதலிலிருந்து சொல்லிப் புரியவைத்தார். அப்புறம், அடுத்த தேதியைப் பள்ளி விடுமுறையில் கேட்டேன், முகம் சுளிக்காமல் மாற்றிக் கொடுத்தார்கள்.